புள்ளி வைத்த பெயர்

விலங்கியல் வகுப்புக்காரர்கள் கூடினால் சோறு ஊசிப்போகும் என்பது எங்கள் ஊரில் பால்காரர் முதல் பந்தல்காரர் வரை எல்லோரும் அறிந்த சங்கதி. ஆடியில் காற்றடிக்கிறது, ஐப்பசியில் மழை பெய்கிறது, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி மஹாலில் அந்தப் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள், அன்றைக்குச் சோறு ஊசுகிறது. இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் அதை எடுத்துக்கொண்டது.

முதல் வருஷம் நடந்தது இப்படி. தலைக்குச் சாயம் அடித்தவர்களும் அடிக்காமல் விட்டவர்களும், தொப்பையைச் சட்டைக்குள் இழுத்துப் பிடித்தவர்களும் மூட்டுவலித் தைலம் மணக்க வந்தவர்களுமாக, கல்லூரியை விட்டுப் போன பிறகு ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் கட்டிப்பிடித்து அழுது சிரித்து ஓய்ந்த நேரத்தில், அரிசி ஆலை முதலாளியும் சங்கத் தலைவருமான பால்துரை மைக்கைப் பிடித்து, "டேய், எல்லாரும் வந்துட்டீங்க, நம்ம ஊசல் எங்கடா?" என்று கேட்டார். மண்டபம் இடிகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஆளாளுக்கு அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டினார்கள். ஊசல், ஊசல், நம்ம ஊசல், ஐயோ அந்த ஊசல். சிரிப்பு அடங்குவதற்குள் சமையல்கட்டில் சாம்பார் நுரைத்தது, ரசம் அடுப்பே இல்லாமல் பொங்கியது, பாயசம் திரிந்து மஞ்சள் தண்ணீரும் வெள்ளைக் கட்டியுமாகப் பிரிந்தது, சோற்றைக் கரண்டியால் எடுத்தால் எச்சில் மாதிரி நூல் நூலாகக் கூடவே வந்தது, உளுந்து வடைமேல் பச்சையாகப் பூசணம் மயிர்விட்டது. அப்பளமும் ஊறுகாயும் மட்டும் தப்பின. சமையல்காரரைக் கூப்பிட்டு, பழைய சரக்கைப் போட்டுவிட்டான் என்று காது கூசத் திட்டி அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் வேறு சமையல்காரர், அதற்கடுத்த வருஷம் பாலக்காட்டிலிருந்து ஆள். யார் வந்து சமைத்தாலும் பந்தி போடுமுன் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள், சோறு நூல்விடும். கடைசியில் வக்கீல் கமலக்கண்ணன்தான் கண்டுபிடித்தார். வீட்டில் மனைவியிடம் கல்லூரிக் கதை பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெயரைச் சொன்ன நிமிஷத்தில் கையிலிருந்த காபி திரிந்ததாம். இன்னொரு காபி வாங்கி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாராம். அதுவும் திரிந்ததாம்.

காரணம் தெரிந்த பிறகு மனுஷர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பெயரை விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள். அவர்கள் ஒரு விதி போட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலையை வாயில் போடும்வரைக்கும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, போட்ட பிறகு ஆசை தீரச் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அவர்கள் சேர்ந்து சிரிக்க வேறொன்றும் இல்லை. அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வயிறு முட்டத் தின்றார்கள், வெற்றிலை மென்றார்கள், பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், மிஞ்சியதெல்லாம் அண்டா அண்டாவாக ஊசியது. முன்பெல்லாம் மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது வழக்கம், வைகாசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லத்துக்காரர்கள் பாத்திரம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். நகராட்சி லாரி மத்தியானமே பின்வாசலில் வந்து நின்றது. பக்கத்து டீக்கடைக்காரர் பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் மச்சினன் வீட்டில் வைத்துவிட்டு வருவார். பூக்காரிகளுக்கு அன்று நல்ல வியாபாரம், தெருவில் போகிற பெண்கள் தலைக்கு வைக்கிறதற்கு அல்ல, மூக்கில் வைத்துக்கொள்வதற்கே மல்லிகை வாங்கினார்கள். ஊர் பழகிக்கொண்டது. ஒருநாள் நாற்றம்தானே, கதவைச் சாத்திக்கொண்டால் போகிறது.

கமலக்கண்ணன் ஒருபடி மேலே போனார். தனக்கு வரவேண்டிய வழக்குகளைத் தட்டிக்கொண்டுபோன இன்னொரு வக்கீலின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய், மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, பந்திக்கூடத்து வாசலில் நின்று கொட்டாவி விடுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு மெல்ல அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அன்று அந்த வீட்டில் குழந்தைகள்வரைக்கும் வாந்தி எடுத்தன. இதை அவர் அடுத்த கூட்டத்தில் மைக்கில் சொன்னார். "நம்ம பேட்சுக்கு ஒரு பவர் இருக்குடா" என்றார். கைதட்டினார்கள். சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் கைதட்டத்தான் செய்தார்கள்.

இப்படி இருக்கிற நாளையிலே, ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை, இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிற நேரம், ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மாள் கையில் கூடையோடு மஹாலுக்குள் வந்தாள். பெயர் பூங்கோதை. கடற்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்ததில் சேலை கசங்கியிருந்தது.

"நான் தவசீலனோட வீட்டுக்காரிங்க" என்றாள்.

பால்துரை நெற்றியைச் சுருக்கினார். "எந்தத் தவசீலன்மா? இது ஜுவாலஜி பேட்ச்சு."

"ஆமாங்க, ஜுவாலஜிதான். உங்க வகுப்பு."

"நம்ம க்ளாஸ்ல தவசீலனா? ஏய் கோகிலா, உனக்குத் தெரியுதா?"

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை வசந்தகோகிலாவுக்கும் தெரியவில்லை. அவர்கள் கல்லூரியில் வருகை எடுக்கும்போது எண்ணைத்தான் கூப்பிடுவார்கள், பெயரைக் கூப்பிடுகிற வழக்கமில்லை. பூங்கோதை போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கமலக்கண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம ஊ..."

பால்துரையின் உள்ளங்கை அவர் வாயில் வந்து விழுந்தது. "டேய்! இலை போட்டாச்சுடா!"

"ஊ... ன்னா என்னங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நம்ம ஊர்க்காரன்னு சொல்ல வந்தான். எங்க, சார் வரலியா?"

"அவர் போன வருஷம் தவறிட்டாருங்க. நெஞ்சுவலி."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். உச்சுக் கொட்டிக்கொண்டே கமலக்கண்ணன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். இன்னும் ஒன்றும் ஊசவில்லை.

பூங்கோதை வந்த காரியத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரே மகள், வயிற்றுப்பிள்ளைக்காரி, பஸ்ஸில் வரக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மகள்தான் அனுப்பினாள். "அப்பாகூடப் படிச்சவங்க கூடறாங்களாம், போய்க் கேட்டுட்டு வாம்மான்னா. அப்பா பேரைச் சொல்லி, அந்த வயசுல அவர் எப்படி இருந்தார்னு ஒரே ஒரு விஷயம். பொறக்கிற புள்ளைக்குச் சொல்லணுமாம். நீளமா வேண்டாங்க. பேரைச் சொல்லி ஒண்ணு, அது போதும். அவரு காலேஜ் கதைய வீட்ல பேசவே மாட்டார். என் மாமியார்தான் சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டிருப்பாங்க. எம்புள்ள டப்பாவ அவன் கூட்டாளிங்க பிடுங்கித் தின்னுருவாங்க, ஒரு பருக்கை திரும்பி வராதுன்னு. அதுக்காகவே ரெண்டு கை சேத்து வைப்பாங்களாம்."

கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கம் நசுங்கிய பழைய டப்பா. மூடியில் பாத்திரக்கடையில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்தில் மு. தவசீலன் என்றிருந்தது. "அவர் காலேஜுக்குக் கொண்டுவந்த டப்பாதாங்க. நீங்கள்லாம் பிடுங்கித் தின்ன சோறாச்சேன்னு காலைலயே அதே மாதிரி பண்ணிக் கொண்டாந்தேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வசந்தகோகிலா நல்ல மனுஷி என்று பெயரெடுத்தவர், அவர்தான் ஆரம்பித்தார். "ரொம்ப சாதுவான பையன்மா. ஒரு தடவ டூர் போனப்ப பஸ்ஸுல எல்லாரும் சேந்து ஒரு பாட்டுக் கட்டினோம், அதுல என்ன வரும்னா..." என்று சொல்லிக்கொண்டு போனவர் மாட்டைக் கண்ட சைக்கிள் மாதிரி நின்றுவிட்டார். பாட்டில் வருவது அந்தப் பெயர்தான். இன்னொருவர் கல்லூரி விழாவில் மேடையேறி அவன் பேச வந்ததைச் சொல்லப்போய், கூட்டம் என்ன கத்தியது என்ற இடத்தில் நின்றார். மூன்றாமவர் வாயைத் திறந்து யோசித்துவிட்டு மூடிக்கொண்டார். அத்தனை பேருடைய ஞாபகத்திலும் அவன் இருந்தான், அந்தப் பெயர் இல்லாத ஒரு ஞாபகம் யாரிடமும் இல்லை.

"சாப்ட்டுட்டுப் பேசுவோம் தங்கச்சி" என்றார் பால்துரை. "சாப்பாடு ஆச்சுன்னா எல்லாம் சொல்றோம். நெறய சொல்றோம். உக்காருங்க, நீங்களும் ஒரு இலை."

"எனக்கு இருக்குங்க" என்று டப்பாவைத் தொட்டுக் காட்டினாள்.

அப்புறம் அவர்கள் தின்றதைப் பார்க்க வேண்டுமே. புருஷனை இழந்தவள் எதிரே நாற்காலியில் காத்துக்கொண்டிருக்கிறாள், இவர்கள் பேச்சு நாக்கு நுனியில் வந்து முட்டிக்கொண்டிருக்கிற அவசரத்தில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள், சாம்பார் முழங்கையில் வழிகிறது, பாயசத்தை இலையிலிருந்து வழித்து உறிஞ்சுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கிறது, பிரியாணிக்கும் பருப்பு சாதத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏப்பம் விடுகிறார்கள். பூங்கோதை தலையைக் குனிந்து டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகழுவி வந்து பால்துரை வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கினார். கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அணை உடைந்தது.

ஊசல் இப்படி, ஊசல் அப்படி. முப்பத்தொன்று என்று சார் கூப்பிட்டால் இவன் எழுந்திருப்பதற்குள் பின் பெஞ்சுக்காரர்கள் "ஊசல் ப்ரசன்ட் சார்" என்று கத்துவார்களாம், சாரே சிரித்துவிடுவாராம். டூர் பஸ்ஸில் இவன் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டுவிட்டு இரண்டுபேர் நின்றுகொண்டே வந்தார்களாம். மேடையேறினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நூறுபேர் ஒரே குரலில் ஊசல் என்பார்களாம், இவன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடுவானாம். எல்லாவற்றையும் அன்பாகச் சொன்னார்கள், கண் கலங்கச் சொன்னார்கள். "தங்கமான பையன் தங்கச்சி, ஒருநாள் எங்ககிட்ட கோவிச்சுக்கிட்டதில்ல!" சொல்லச் சொல்ல சமையல்கட்டில் மிஞ்சிய சோறு கொழகொழத்தது, குழம்பு குமிழிவிட்டது, பிரியாணி அண்டாவின் மூடியை உள்ளிருந்து எதுவோ தூக்கித் தூக்கிப் போட்டது, இலைகளில் கிடந்த எச்சில் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவிலான ஒரு நிறத்துக்குப் போனது. நாற்றம் கூரைவரை எழுந்து நின்றது. அவர்களுக்கு அது பழக்கம். யாரும் கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லை.

"யார் பேருங்க அது?" என்றாள் பூங்கோதை.

"அவனுக்குச் செல்லப்பேரு" என்றார் கமலக்கண்ணன்.

"எதனால அப்படி ஒரு பேரு?"

"அது மொத நாளே வந்துடுச்சும்மா" என்று வசந்தகோகிலா முந்திக்கொண்டார், சொல்லும்போதே சிரிப்பு வந்தது. "லேப்ல தவளை அறுத்துட்டு வந்து எல்லாரும் டப்பாவத் தொறக்கிறோம். அவன் தொறந்தான் பாருங்க, ஒரு வாடை! கொமட்டிக்கிட்டு வந்துது. ஊசிப்போன சோத்தக் கொண்டாந்திருக்கான்னு எல்லாரும் எந்திரிச்சுட்டோம். கறுப்பா ஒரு குழம்பு. அவன் டப்பாவ நெஞ்சோட புடிச்சுக்கிட்டு ஊசல, ஊசலன்னு அழறான். நாங்களும் அவன மாதிரியே ராகம் போட்டுச் சொன்னமா, அதுவே பேராயிடுச்சு."

அவர்கள் கையில் அப்போது பார்மலின் நாறிக்கொண்டிருந்தது, நகக்கண்ணில் தவளையின் சவ்வு இருந்தது. அந்தக் கையால் அவர்கள் தயிர்சாதம் பிசைந்து தின்றவர்கள். இதை அங்கே யாரும் நினைக்கவில்லை.

"கறுப்புக் குழம்புன்னா கருவாட்டுக் குழம்புங்க" என்றாள் பூங்கோதை. குரல் உயரவில்லை. "கருவாட்டுக் குழம்பு ரெண்டு நாளானாலும் ஊசாதே."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் தங்கச்சி" என்று பால்துரை சிரித்தார். "வீட்ல அதெல்லாம் ஏத்தமாட்டாங்க. சரி, ஒருத்தனுக்காக எல்லாரும் பட்டினி கெடக்க முடியுமா? மறுநாள்லருந்து டப்பாவ வெளிய வச்சுட்டு வரச் சொல்லிட்டோம். மாடி வராண்டா, கைப்பிடிச் சுவர் மேல."

"எந்தப் பக்க வராண்டா?"

"கெழக்க பாத்தது."

"காலைலருந்து வெயிலுங்களே அங்க."

"ஆமா, மத்தியானம் தொறந்தா நெசமாவே நூல் விட்டிருக்கும்! நாங்க சொன்னது சரியாப் போச்சா இல்லியா? காக்காய்க்குக் கொட்டுவான். கொழாயில டப்பாவக் கழுவிக்கிட்டுப் போயிடுவான். மூணு வருஷமும் அதான்."

பூங்கோதையின் கை டப்பாவின் மேல் இருந்தது. கழுவின டப்பா. ஒரு பருக்கை திரும்பி வராத டப்பா. அதைச் சாயங்காலம் வாங்கிப் பார்த்து, கூட்டாளிகள் தின்றுவிட்டார்கள் என்று மகன் சொன்னதைக் கேட்டு, மறுநாளைக்கு இரண்டு கை சேர்த்து வைத்த ஒருத்தியைப் பற்றி அவள் நினைத்திருக்கலாம்.

"அவர் ஊசல்னு சொல்லலைங்க. ஊசலன்னு சொல்லிருக்கார். ஊசிப்போகலன்னு சொல்லிருக்கார். அந்த வார்த்தையோட தலையில ஒரு புள்ளிய வச்சு அவர் தலையிலயே கட்டிட்டீங்களே. மூடியில பாருங்க, எத்தனை புள்ளி. புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கு. அதுவும் அந்தச் சுவத்து மேலதான அண்ணே இருந்துச்சு, உங்க கண்ணு முன்னாடி. மூணு வருஷம்."

மூடியைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பும் சோறும். காலையில் கட்டியது, வைகாசி வெயிலில் இரண்டு பஸ் ஏறி வந்தது, அத்தனை ஊசலுக்கும் நடுவில் பக்குவம் மாறாமல் இருந்தது. கத்திரிக்காயும் புளியும் கடலுமாக ஒரு மணம் எழுந்தது.

அழுகல் நாற்றத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. வசந்தகோகிலா முந்தானையை எடுத்தார். பால்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அதக் கொஞ்சம் வெளிய வச்சுக்கிறீங்களா?"

"இல்லைங்க" என்றாள். "இங்கயே சாப்பிடறேன்."

சாப்பிட்டாள். நிதானமாகப் பிசைந்து, கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்து, ஒரு கவளம், இன்னொரு கவளம். கமலக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் அவர் அடங்காத வழக்கையெல்லாம் வார்த்தையால் அடக்கினவர். எழுந்து அவள் பக்கத்தில் வந்து, குனிந்து, டப்பாவைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். "ஊசல்."

சோறு அப்படியே இருந்தது. அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாதிக் கவளத்தோடு "ஊசல" என்றாள், ஒரு சமையல்காரி உப்புப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அவர் மறுபடி சொன்னார். பால்துரை வந்து சொன்னார். ஆளுக்கு ஆள் வந்து சூழ்ந்துகொண்டு, ஒருகாலத்தில் மேடையைப் பார்த்துக் கத்தின அதே குரலில், வயசான தொண்டைகளால் கத்தினார்கள். அண்டாக்களில் இனி ஊச ஒன்றும் மிச்சமில்லை, டப்பாவுக்குள் அந்த வார்த்தையால் நுழைய முடியவில்லை, அதற்கு எங்கேயாவது போகவேண்டும் அல்லவா, சொன்னவர்களின் வயிற்றுக்குள் போனது. முதலில் பால்துரையின் முகம் வெளுத்தது. தின்ற பாயசமும் பிரியாணியும் பருப்பு சாதமும் உள்ளேயே நுரைத்து நூல்விட்டுப் பொங்கின. வெற்றிலைச் சாற்றோடு சேர்ந்து சிவப்பும் பச்சையுமாக, மேஜைமேலும் மைக் மேலும் ஒருவர் முதுகில் ஒருவருமாக அவர்கள் கக்கினார்கள். பூங்கோதை காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, இரண்டு கை சோற்றை மிச்சம் வைத்து டப்பாவை மூடி, கூடையை எடுத்துக்கொண்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வெளியே போனாள்.

அவர்கள் திருந்தினார்களா என்று கேட்டால், இல்லை. அடுத்த வருஷமும் கூடினார்கள். இப்போது சாப்பாடு போடுவதில்லை, காலிவயிற்றோடு வந்து பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். புள்ளியை எடுத்துவிட்டால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும், நாக்கு அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. தவசீலன் என்று சொல்லலாம், அதுவும் தெரியும். அப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லையாம். டீக்கடைக்காரர் மட்டும் பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விட்டுவிட்டார், பாலைப் பார்த்து "ஊசல" என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறாராம்.

அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பூங்கோதை உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா, அப்பா பேரைச் சொன்னாங்களா?"

"சொல்லல."

"ஒண்ணுமேவா சொல்லல?"

"அவங்ககிட்ட அவர் பேரே இல்லடி. ஆனா உங்கப்பா அந்த வயசுல சொன்ன ஒரு வார்த்தை அவங்ககிட்ட மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அத வாங்கிட்டு வந்துட்டேன். புள்ளைக்கு அதச் சொல்லு. தவசீலன் அழுதுக்கிட்டே சொன்னார், ஆனா பொய் சொல்லலன்னு சொல்லு."

"என்னம்மா வார்த்தை?"

பஸ் ஸ்டாண்டில் வெயில் இன்னும் தணியவில்லை. பூங்கோதை மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த இரண்டு கை சோற்றை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"உங்க அப்பாயி கட்டிக்குடுத்த சோறு" என்றாள். "அது ஊசல."